பள்ளி திறக்கும் முன்

நம் நாட்டில் கோடை விடுமுறை எல்லோருக்கும் ஒரே நாளில் முடிவதில்லை. கேரளத்தில் ஜூன் முதல் தேதியை ஒட்டி, பெரும்பாலும் பருவமழையுடன் சேர்ந்தே பள்ளிகள் திறக்கின்றன. முதல் வகுப்பில் புதிதாகச் சேரும் குழந்தைகளைப் ‘பிரவேசனோத்சவம்’ என்னும் விழா எடுத்து வரவேற்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் பொதுவாக ஜூன் நடுவில் திறந்தாலும், வெயில் கடுமையாக உள்ள விதர்ப்பத்துப் பிள்ளைகளுக்கு மாதக் கடைசி வரை விடுமுறை நீள்கிறது. டில்லியில் ஜூலை 1. காஷ்மீரத்திலோ நீண்ட விடுமுறை என்பதே குளிர்காலத்தில்தான் வருகிறது. நாட்கள் இவ்வாறு வேறுபட்டாலும், பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் இல்லங்களில் நிலவும் மனநிலை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. அதைப் பரபரப்பு என்று சொன்னால் போதாது. ‘எதுவும் முடியவில்லையே’ என்னும் ஒருவகைக் குற்ற உணர்வும், அதை யார் மீதாவது இறக்கி வைக்க வேண்டும் என்னும் சினமும் அதில் கலந்திருக்கின்றன.

டில்லியில் வாழும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாய் தந்தை இருவரும் பணிக்குச் செல்பவர்கள், பிள்ளைகள் இருவர். அங்குப் பெரும்பாலான பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது. ஆறு வாரம் படித்த பிறகு மே நடுவில் விடுமுறை. ஆகவே பிள்ளைகள் புதிய வகுப்பின் பாடங்களோடும், ஆசிரியர்கள் தந்த ‘ஹாலிடே ஹோம்வொர்க்’ என்னும் கட்டோடும் விடுமுறைக்குள் நுழைகிறார்கள். மே மாதம் தாத்தா பாட்டியின் ஊரில் கழிகிறது. அறுபது நாட்களுக்கு முன்பே காத்திருந்து வாங்கிய ரயில் சீட்டு, ஒன்றரை நாள் பயணம், மாம்பழக் கூடை, திரும்பி வந்ததும் துவைக்க வேண்டிய துணி மூட்டை. ஜூன் நடுவில் வீட்டுக் கதவைத் திறக்கும்போது வெளியே ‘லூ’ என்னும் அனற்காற்று வீசிக்கொண்டிருக்கிறது. வானிலைத் துறையின் கணக்குப்படி டில்லிக்குப் பருவமழை வர வேண்டிய இயல்பான நாள் ஜூன் 27. அதுவரை காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே அனுப்ப வழியில்லை. பெற்றோரின் விடுப்பு தீர்ந்துவிட்டது. பாட்டி ஊரிலேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் இரவு பன்னிரண்டுக்கு உறங்கிக் காலை எட்டரைக்கு எழுகிறார்கள். சீருடை சிறுத்துப் போயிருக்கிறது; காலணி கடிக்கிறது. வீட்டுப் பாடக் கட்டோ இன்னும் பிரிக்கப்படவே இல்லை.

இந்த நிலையில் தாயின் வாயிலிருந்து வரும் முதல் சொல் பெரும்பாலும், “நாற்பது நாள் என்னதான் செய்தாய்?” என்பதாக இருக்கிறது. கேள்வியின் வடிவில் இருந்தாலும் இது கேள்வி அன்று. குழந்தையும் அதை அறியும். அதனால்தான் பதில் சொல்வதில்லை.

ஒரு முதற்பரிசு

அன்பர் ஒருவர் என்னிடம் கூறிய நிகழ்ச்சி இது. அவருடைய மகன் அப்போது ஏழாம் வகுப்பு. மழைநீர் சேகரிப்பைப் பற்றி ஒரு மாதிரி அமைத்துக் கொண்டுவர வேண்டும் என்பது விடுமுறைப் பணிகளுள் ஒன்று. ஜூன் 29 வரை அது தொடங்கப்படவில்லை. அன்று இரவு தந்தையே தெர்மோகோல் அட்டைகளையும் குழாய்களையும் வாங்கி வந்து, இரண்டு மணி வரை விழித்திருந்து, கூரையும் தொட்டியும் வடிகட்டியும் உள்ள அழகிய வீடொன்றைச் செய்து முடித்தார். அவர் பொறியாளர், கைத்திறன் உடையவர். மகன் பக்கத்தில் அமர்ந்து பசையை எடுத்துக் கொடுத்தான், பிறகு உறங்கிவிட்டான். பள்ளியில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது.

சான்றிதழைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்ட வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். பையன் அதைத் தன் அலமாரியின் அடியில், பழைய நோட்டுகளுக்குக் கீழே வைத்துவிட்டான். ஏன் என்று கேட்டபோது, “அது என்னோடது இல்லையேப்பா” என்றானாம். சற்று நேரம் கழித்து, “மிஸ் என்னை எல்லார் முன்னாடியும் விளக்கச் சொன்னாங்க. வடிகட்டியில மணல் மேலேயா, கல் மேலேயான்னு எனக்குத் தெரியல” என்று கூறினானாம்.

அன்பர் இதைச் சொல்லிவிட்டு, “சுவாமி, நான் அவனுக்கு உதவித்தானே செய்தேன்?” என்று கேட்டார். உதவியில் ஐயமில்லை, அன்பிலும் ஐயமில்லை. ஆனால் அந்த இரவில் பையனுக்கு மூன்று செய்திகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. செய்து முடிப்பதைவிடக் காட்டுவது முக்கியம் என்பது ஒன்று. உன் கையால் ஆகும் கோணலான வேலை வெளியே காட்டத் தகுதியற்றது என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் கடினமானது: அகப்படாத வரையில் பிறர் செய்ததை நம்முடையதாகச் சொல்லலாம், அப்பாவும் அதற்கு உடன்படுவார். பன்னிரண்டு வயதில் உண்மையைப் பற்றிய உணர்வு மிகக் கூர்மையாக இருக்கிறது. பையன் சான்றிதழை மறைத்து வைத்தானே, அதை அவனுடைய நற்பேறு என்றே நான் கருதுகிறேன். இரண்டாம் முறை, மூன்றாம் முறை அவன் மறைத்திருக்க மாட்டான், மாட்டச் சொல்லியிருப்பான்.

இப்போது பெருநகரங்களில் எழுதுபொருள் கடைகளிலேயே இத்தகைய மாதிரிகள் செய்து முடித்த நிலையில் விற்பனைக்கு வந்துவிட்டன. தந்தை விழித்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை. கணிப்பொறியிடம் கேட்டால் கட்டுரையும் நொடியில் வந்துவிடுகிறது. வசதி வளர வளர, ‘இது என்னுடையதா?’ என்று கேட்கும் அந்தச் சிறு குரலைக் காப்பது பெற்றோரின் பொறுப்பாகிறது.

வீட்டுப் பாடத்தின் சுமையைப் பற்றி நம் நாட்டில் பேசாதவர்கள் இல்லை. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக 1986இல் பொறுப்பேற்ற எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், அங்கு ஆற்றிய கன்னியுரையில் பள்ளிப் பையின் பாரத்தைப் பற்றித்தான் பேசினார். 1993இல் பேராசிரியர் யஷ் பால் தலைமையிலான குழு, சுமையற்ற கற்றல் என்னும் பொருளில் அறிக்கை அளித்தது. 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப் பாடமே கூடாது என்றும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும், ஆறு முதல் எட்டு வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்றும் வரையறுக்கிறது. இவை நல்லவை. ஆயினும் அறிக்கைகள் வீட்டுக்குள் வந்து பசை ஒட்டுவதை நிறுத்தப் போவதில்லை. கட்டில் உள்ள பத்துப் பணிகளில் ஆறுதான் முடியும் என்றால், ஆறைப் பிள்ளை தானே முடிக்கட்டும். மீதி நான்கை முடிக்கவில்லை என்று ஆசிரியரிடம் அவனே சொல்லட்டும். அந்தச் சொல்லைச் சொல்லும் துணிவு, முடிக்கப்படாத நான்கு பணிகளைவிடப் பெரிய பாடம். பெற்றோர் செய்ய வேண்டியது, அதைச் சொல்லிவிட்டு வரும் பிள்ளையை அன்று மாலை மலர்ந்த முகத்துடன் வரவேற்பது ஒன்றுதான்.

ஓய்வும் கல்வியும்

இவ்வளவு பரபரப்புக்கும் அடியில் ஒரு கருத்துப் பிழை இருப்பதாகத் தோன்றுகிறது. ஓய்வு என்பது கல்விக்கு எதிரானது, ஓய்ந்திருந்த நாட்கள் வீணான நாட்கள் என்று நாம் எண்ணுகிறோம். சொற்களின் வரலாறு இதற்கு மாறாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் பள்ளியைக் குறிக்கும் ‘ஸ்கூல்’ என்னும் சொல் ‘ஸ்கோலே’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘ஸ்கோலே’ என்றால் ஓய்வு. அலுவல்களிலிருந்து விடுபட்ட மனிதன், எந்தப் பயனையும் கருதாமல் ஆராய்ந்தும் உரையாடியும் கழிக்கும் பொழுதை அது குறித்தது. பின்னர் அப்படி உரையாடும் இடத்துக்கே பெயராயிற்று. கிரேக்கர்கள் அலுவலைக் குறிக்க வழங்கிய சொற்களுள் ஒன்றும் இதிலிருந்தே பிறந்தது. ‘அஸ்கோலியா’, அதாவது ‘ஓய்வின்மை’ என்றே குறித்தார்கள். நாம் ஓய்வு பெறுவதற்காகவே உழைக்கிறோம் என்பது அரிஸ்டாட்டிலின் நெறிநூல் கூறும் கருத்து. இன்று நாம் உழைப்பதற்காக ஓய்வெடுக்கிறோம். அதையும் குற்ற உணர்வோடு எடுக்கிறோம்.

தமிழிலும் இதையொத்த வியப்பு ஒன்று உண்டு. ‘பள்ளி’ என்னும் சொல்லின் பொருள்களுள் ஒன்று படுக்கை, உறங்குமிடம் என்பது. பள்ளியறை, பள்ளியெழுச்சி என்பன இன்றும் வழங்குகின்றன. சமணத் துறவியர் தங்கிய இடங்களுக்கும் பள்ளி என்றே பெயர். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில், பாறையில் வெட்டிய அவர்களுடைய கற்படுக்கைகளை இன்றும் காணலாம். மாங்குளம் போன்ற இடங்களில் உள்ள தமிழி எழுத்துகள் 2000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. துறவியர் தங்கிய அந்த இடங்களிலேயே கற்பித்தலும் நடந்ததால், பள்ளி என்னும் சொல் கல்விக்கூடத்துக்கும் ஆகிவந்தது என்பர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகளில் கல்விக்கூடத்தின் பெயர் ஓய்வோடு உறவு கொண்டிருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் சிந்திக்கத் தக்கது.

வேதக் கல்வியின் பழைய ஒழுங்கையும் நோக்கலாம். ஆவணி அவிட்டம் என்று நாம் அறிந்த உபாகர்மமே அக்கல்வியாண்டின் தொடக்க நாள். அன்று தொடங்கிய வேத ஓதல் ஏறத்தாழ ஐந்து மாதம் நடந்து, உத்சர்ஜனம் என்னும் சடங்குடன் நிறைவு பெற்றது. எஞ்சிய மாதங்களில் வளர்பிறையில் வேதமும் தேய்பிறையில் இலக்கணம், சோதிடம் முதலிய துணைக்கலைகளும் பயின்றார்கள். இதற்கிடையிலும் அநத்யயனம் என்னும் ஓதா நாட்கள் இருந்தன. பிரதமை, அட்டமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி ஆகியவை அன்றி, இடி இடித்தால் ஓதல் இல்லை. புழுதிக்காற்று எழுந்தால் இல்லை. சான்றோர் ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டால் இல்லை. கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த விதி. பெரியவர் ஒருவர் வந்திருக்கும்போது நூலை மூடி வைத்துவிட்டு அவரருகில் அமர்வதும் கல்வியே என்று அதை வகுத்தவர்கள் கருதியிருக்க வேண்டும். பாட்டியின் ஊரில் கழிந்த மே மாதத்தை இந்தக் கண்ணால் பார்த்தால், ‘என்னதான் செய்தாய்?’ என்னும் கேள்வி எழுமா?

விடுமுறையில் பிள்ளைகள் கற்றதை மறக்கிறார்கள் என்பது உண்மையே. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, கோடையில் சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதக் கல்வி நழுவுகிறது என்றும், கணக்குப் போடுவதிலும் எழுத்துக்கூட்டலிலும் இழப்பு அதிகம் என்றும் கண்டது. இதற்குத் தீர்வு எளிது: தினமும் இருபது நிமிடம் பத்துக் கணக்குகள், விரும்பிய நூலில் சில பக்கங்கள். இதற்காக வீட்டைப் போர்க்களமாக்க வேண்டியதில்லை.

‘விடுமுறை எப்போது?’

வங்காளத்தில் விடுமுறையைச் ‘சுட்டி’ என்பர். அந்தப் பெயரில் ரவீந்திரநாத் தாகூர் 1890களில் எழுதிய சிறுகதை ஒன்று உண்டு. ஆற்றங்கரைக் கிராமத்தில் சிறுவர் கூட்டத்துக்குத் தலைவனாகத் திரிந்தவன் பதின்மூன்று, பதினான்கு வயதுப் படிக். அடங்காத பிள்ளை என்று தாய் சலித்திருக்கும் வேளையில், மாமா அவனைப் படிக்க வைப்பதாகக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்கிறார். மாமிக்கு அவன் சுமை. வகுப்பில் அவன் கடைசி மாணவன். வீட்டுக்கு எப்போது போகலாம் என்று மாமாவைக் கேட்கிறான். விடுமுறை வரட்டும் என்கிறார் அவர். பாடப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டதற்காகவும் ஏச்சு வாங்குகிறான். பிறகு காய்ச்சலோடு ஒரு மழை நாளில் வீட்டை விட்டுத் தானே புறப்பட்டுவிடுகிறான்; காவலர்கள் நனைந்த உடலோடு அவனைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். தாய் ஓடி வந்து சேரும்போது, அவனுக்கு விடுமுறை வந்துவிட்டது. ஆனால் அவன் கேட்ட விடுமுறை அதுவன்று.

தாகூருக்கே பள்ளி இனிக்கவில்லை என்பதையும், அவர் 1901இல் சாந்திநிகேதனத்தில் தொடங்கிய பள்ளியில் மரத்தடிகள் வகுப்பறைகள் ஆனதையும் அறிவோம். இக்கதையில் என் மனத்தைத் தைப்பது வேறொன்று.  மாமா நல்லவர்தான். எல்லோரும் தத்தம் வேலையில் இருந்தார்கள், அவ்வளவே. அந்தச் சிறுவனின் வயது எத்தகையது, அவன் எதைக் கேட்கிறான் என்று நின்று பார்க்க ஒருவருக்கும் பொழுதில்லை. ஜூன் மாதக் கடைசியில் நம் வீடுகளிலும் அதுதான் இல்லாமற் போகிறது. பள்ளி திறக்கப் போவதை நினைத்து அஞ்சும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஓர் ஆசிரியரிடம் அச்சம், உடன் படிப்பவன் ஒருவனிடம் அச்சம், பேருந்தில் நடக்கும் ஏளனம். ‘வயிறு வலிக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். கடைசி வாரத்தில் திடீரென்று அழுகையும் பிடிவாதமும் மிகும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவு கட்டுமுன், இரவில் விளக்கை அணைத்த பிறகு அருகில் படுத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசாமல் இருந்து பாருங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் இருட்டில்தான் பேசத் தொடங்குகிறார்கள்.

உடலைத் திருப்புதல்

உறக்கத்தின் ஒழுங்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பெரும்பாலான வீடுகளில் இதைக் கடைசி நாளில்தான் நினைக்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோருக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வரையுள்ளோருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் வகுத்துள்ளது. எட்டரைக்கு எழும் பிள்ளையை ஜூலை முதல் நாள் ஆறு மணிக்கு உலுக்கி எழுப்பினால், பாதி உறங்கும் உடலைத்தான் பள்ளிக்கு அனுப்புகிறோம். நாளுக்குக் கால் மணி நேரம் முன்னதாக எழுப்பினால் பத்து நாளில் இரண்டரை மணி நேரம் திரும்பிவிடும். படுக்கும் நேரத்தைத் திருத்தப் போராடுவதைவிட எழும் நேரத்தைத் திருத்துவதே எளிது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவு உறக்கம் தானாக முன்னே வரும். ஜூன் மாதத்தில் டில்லியில் ஐந்தரைக்குள் சூரியன் உதித்துவிடுகிறான். வெயில் ஏறுமுன் பூங்காவில் ஒரு சுற்று நடந்து வரலாம். அப்பாவும் உடன் நடந்தால்தான் பிள்ளை நடப்பான்.

சாங்கியம் கூறும் முக்குணங்களை இங்கு நினைவுகூரலாம். விடுமுறையின் நடுவில் பிள்ளைகளிடம் தமஸ் ஓங்குகிறது. இறுதியில் பெற்றோரிடம் ரஜஸ் ஓங்குகிறது. தமஸை ரஜஸால் அடித்து எழுப்பிவிடலாம். ஆனால் அதன் பிறகு வீட்டில் இருப்பது ரஜஸே. சத்துவம் அடித்து வருவதன்று. சிறிய, ஒழுங்கான, நாள்தோறும் தவறாத ஒரு செயலில் அது மெல்ல ஊறுகிறது. யோக நூலார் அப்யாசத்துக்கு வகுத்த நெடுங்காலம், இடையறாமை, சிரத்தை ஆகிய மூன்றையும் எட்டு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்க இயலாது என்பது உண்மை. இடையறாமையையாவது பத்து நாளுக்குப் பழக்கலாம்.

தாய்க்கு ஒரு சொல், தந்தைக்கும் ஒரு சொல்

புத்தகங்களுக்கு அட்டை போடுதல், பெயர் எழுதிய தாள்களை ஒட்டுதல், சீருடை, காலணி, தண்ணீர்க் குப்பி, மருத்துவச் சான்று, கட்டணம் என்று இந்த இரு வாரங்களின் பட்டியல் நீண்டது. பல இல்லங்களில் இந்தப் பட்டியல் முழுவதும் தாயின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அவர் அலுவலகத்தில் இருக்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. மாலையில் அவர் எரிந்து விழுகிறார் என்றால் காரணம் கோப குணம் அன்று. பத்துப் பேர் சுமக்க வேண்டியதை ஒருவர் சுமப்பதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டியலை அவருடைய தலையிலிருந்து ஒரு பெரிய தாளுக்கு மாற்றிச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். தந்தையின் பெயர் ‘பணம் கட்டுதல்’ என்பதற்கு எதிரே மட்டும் இருக்கலாகாது. ஆறு வயதுப் பிள்ளையும் பென்சில் சீவி வைக்கலாம். பத்து வயதுப் பிள்ளை தன் காலணிக்குத் தானே மெருகு போடலாம். அட்டைகள் சுருங்கியும் பெயர்கள் கோணியும் இருக்கும். இருக்கட்டும். ஆசிரியர் கேட்டால், இதை நான் போட்டேன் என்று பிள்ளை சொல்லிக்கொள்ளும்.

பட்டியலில் அடங்காத இரண்டை விட்டுவிடாதீர்கள். ஊரில் உள்ள தாத்தா பாட்டிக்குப் பிள்ளைகள் தம் கையால் ஓர் அஞ்சலட்டை எழுதட்டும். தொலைபேசியில் பேசினாலும் அட்டை வேறு. அங்கே அது பல நாள் மேசை மீது இருக்கும். மற்றது, கடைசி ஞாயிறு மாலை. அன்று கடைத்தெரு வேண்டாம், உறவினர் வீடு வேண்டாம், ஓட்டல் வேண்டாம். மழை வந்திருந்தால் மாடத்தில், வராவிட்டால் மின்விசிறியின் கீழ், நால்வரும் மாம்பழம் நறுக்கிக்கொண்டு அமருங்கள். இந்தக் கோடையில் எது நன்றாக இருந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரும் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பதில், பெருஞ்செலவு செய்து அழைத்துப் போன இடமாக இராது. கிணற்றடியாகவோ, மின்சாரம் போன ஓர் இரவாகவோ இருக்கும்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் மாலை வகுப்புகள் எதையும் தொடங்க வேண்டாம். இசையும் சதுரங்கமும் கணக்குப் பயிற்சியும் இரண்டாம் வாரம் தொடங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. பிள்ளை வீட்டுக்கு வந்து, பையை இறக்கி வைத்து, ஏதாவது உண்டு, தான் விரும்பினால் பேசட்டும். கேள்வி கேட்பதானால் ‘என்ன பாடம் நடத்தினார்கள்?’ என்பதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று மட்டும் கேளுங்கள்.